நேர்கோட்டின் சாய்வும் இணைகோடுகளும்

ஏணியைச் சுவரிற் சார்த்துகின்றவன், அதன் அடியைச் சுவரினின்று எத்துணைத் தூரம் தள்ளிவைத்தல் வேண்டுமென்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஆயினும், அடி மிக நெருங்கினால் ஏணி பின்னே கவிழும் என்பதையும், மிக விலகினால் வழுக்கிவிடும் என்பதையும் அவன் நன்கு அறிவான். கால்வாய் வெட்டுவோரும் தளம் போடுவோரும் ‘வாட்டம்’ என்று வழங்குவது இதனையே. குளியலறைத் தளத்திற்கு வாட்டம் போதாதெனின் நீர் தேங்கி நிற்கும். மிகுந்ததெனின் காலூன்ற இயலாது. எனவே, சாய்வு என்னுங் கருத்துக் கணிதப் புத்தகத்திற் பிறந்ததன்று. புத்தகம் செய்ததெல்லாம் அக்கருத்திற்கு ஓர் எண்ணைக் கொடுத்ததேயாம். இவ்வுண்மையை மறந்து, சாய்வை ஒரு சூத்திரமாக மட்டும் நெட்டுருச் செய்து, பரீக்ஷை முடிந்த மறுநாளே அதற்கு விடை கொடுத்துவிடும் மாணவர் பலராதலின், அப்பொருளைச் சிறிது விரிவாக ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

எண்ணைக் கொடுப்பது எங்ஙனம்? இருப்புப்பாதை அமைப்போர் கையாளும் முறையே எளிது. ‘பன்னிரண்டுக்கு ஒன்று’ என்று அவர்கள் கூறினால், பன்னிரண்டு அடி முன்னே செல்லுங்கால் ஓரடி உயரம் ஏறும் என்பது பொருள். மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலம் செல்லும் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பெற்ற இப்பாதை, சுமார் 46 கிலோமீட்டர் நீளத்தில் கடல்மட்டத்துக்குமேல் 326 மீட்டர் உயரத்தினின்று 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகின்றது. ஏற்றம் 1,877 மீட்டர். அதனை 46,000 மீட்டரால் வகுப்பின், சராசரி ஏறக்குறைய இருபத்துநாலரைக்கு ஒன்று என வரும். ஆனால் சராசரியை மட்டும் பார்த்து இன்னதென்று துணிதல் ஆகாது. கல்லாறு வரையிற் பாதை பெரும்பாலும் சமவெளியிற் செல்கின்றது; அதன் பின்னரே செங்குத்தான மலைச்சரிவு குறுக்கிடுகின்றது. அவ்விடத்தில் மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் இத்தகைய ஏற்றத்தில் பற்றுக்கொள்ளாது சுழன்று நழுவும். ஆதலின், ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளராகிய ரோமன் ஆப்ட் என்பவர் 1882-இல் உரிமை பெற்ற முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரு இரும்புச் சட்டங்கள் ஒன்றற்கொன்று இணையாகக் கல்லாற்றினின்று குன்னூர் வரையில் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் அமையுமாறு வைத்திருத்தலின், எஞ்சினின் பற்சக்கரம் எக்கணத்திலும் பிடிதவறுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நோக்குவோம். பிரான்சு தேசத்து நீம் நகருக்கு ரோமர்கள் கட்டிய நீர்க்கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுடையது. அந்நெடுந்தூரத்தில் அது இறங்குவது ஏறக்குறைய 12½ மீட்டரே; அஃதாவது நாலாயிரத்துக்கு ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத இவ்வாட்டத்தைக் குன்றும் பள்ளத்தாக்கும் நிறைந்த நாட்டில் தவறாது காத்த அவர்களுடைய திறமை, மலையேறும் ரயிலினும் வியக்கத்தக்கது என்றே நாம் எண்ணுகின்றோம்.

நிற்க. கணித நூலார் சாய்வுக்குக் கூறும் இலக்கணம் மேற்கூறியதனின் வேறன்று. கோட்டின்மேல் இரு புள்ளிகளைக் கொள்க. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லுங்கால், வலப்புறமாகக் கிடையே நகர்ந்த தூரம் ‘ஓட்டம்’. மேலே சென்ற உயரம் ‘ஏற்றம்’. ஏற்றத்தை ஓட்டத்தால் வகுத்து வருவது சாய்வு. மேலே செல்வதற்குப் பதிலாகக் கீழே இறங்கின், ஏற்றத்தைக் குறையெண்ணாகக் கொள்வதால் சாய்வும் குறையெண்ணாகும். இருப்புப்பாதைக்காரர் தண்டவாளத்தின் வழியே தூரத்தை அளப்பதும், கணிதர் கிடையாக அளப்பதும் ஆகிய ஒரு வேற்றுமை உண்டு. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கடுமையான ஏற்றத்திலும் அதனால் விளையும் பிழை மிக அற்பமாதலின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

எந்த இரு புள்ளிகள் என்று நாம் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமை ஏன்? நேர்கோடாயின், எவ்விரு புள்ளிகளை எடுப்பினும் ஒரே விடையே வரும். ஓரிடத்தில் சிறிய செங்கோண முக்கோணம் ஒன்றையும், வேறோரிடத்தில் பெரிய செங்கோண முக்கோணம் ஒன்றையும் அக்கோட்டின்மீது அமைத்துப் பார்ப்பின், கோடு கிடைத்திசையோடு செய்யும் கோணம் இரண்டிலும் ஒன்றே. ஆதலின் அவை வடிவொத்த முக்கோணங்கள். ஆதலின் பக்கங்களின் விகிதமும் ஒன்றே. வளைகோட்டில் இது பொருந்தாது. நீலகிரிப் பாதையில் சராசரி ஒன்றும், இடத்துக்கிடம் வேறு வேறு ஏற்றமும் காணப்பட்டது, அப்பாதை உயரத்தில் ஒரே நேராக ஏறாமையினாலன்றோ? ‘ஓடுந்தோறும் ஒரே வீதத்தில் ஏறுவது’ என்பதையே நேர்கோட்டின் இலக்கணமாகக் கொள்ளினும் இழுக்கில்லை. இங்கே வடிவொத்த முக்கோணங்களைத் துணைக்கழைத்தோம் என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் அதற்கு வேலையுண்டு.

இனிச் சமன்பாட்டுக்கு வருவோம். தாளில் கிடையாக ஓர் அச்சும், அதற்குச் செங்குத்தாக மற்றோர் அச்சும் வரைந்து, ஒரு புள்ளியின் கிடைத்தூரத்தை ‘ய’ என்றும், உயரத்தை ‘ர’ என்றும் குறிப்போம். ஒரு நேர்கோடு நிலையச்சை வெட்டுமிடத்தின் உயரம் ‘வ’ என்க. கோட்டின் சாய்வு ‘ச’ என்க. வெட்டுமிடத்தினின்று கோட்டின்மேலுள்ள யாதானும் ஒரு புள்ளிக்குச் சென்றால், ஓட்டம் ய, ஏற்றம் ர − வ. அவற்றின் விகிதம் ச ஆதலின்,

ர = சய + வ

என்பது பெறப்படும். எளிய உலகவழக்கிற் கூறின், ‘புறப்பட்ட உயரம் வ, ஓரடி நடக்குந்தோறும் ச அடி ஏற்றம், ய அடி நடந்தபின் உயரம் இவ்வளவு’ என்பதேயன்றி வேறன்று. கோடு நிலையச்சை வெட்டுமிடம் தெரியாது, (ப, த) என்ற வேறொரு புள்ளியே தெரியுமாயின், அப்புள்ளியினின்றே நடையைத் தொடங்கலாம்: ர − த = ச(ய − ப). இவ்விரண்டையும் தனித்தனிச் சூத்திரங்களாகப் பாராமற் செய்வது வீண். ஒன்றே மற்றொன்று.

வரலாற்றில் இக்கருத்தின் உரிமை இருவரைச் சாரும். டேக்கார்ட்டு என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானி 1637-இல் வெளியிட்ட க்ஷேத்திர கணித நூலில் வளைகோடுகளைப் பீஜகணிதத்தால் ஆளும் வழியைக் காட்டினார். அக்காலத்தையொட்டியே பெர்மா என்னும் நியாயசாஸ்திரியும் தனியே இதே வழியைக் கண்டு எழுதிவைத்தார். அவர் 1665-இல் இறந்தபின், 1679-இலேயே அஃது அச்சேறிற்று. இரு மாறுபடும் அளவுகள் முதற்படியளவிலேயே வரும் சமன்பாடு நேர்கோட்டைக் குறிக்கும் என்று வெளிப்படையாகக் கூறியவர் பெர்மாவே. எனினும் உலகம் டேக்கார்ட்டின் பெயரையே இக்கணிதத்துக்குச் சூட்டி மகிழ்கின்றது. எழுதியதை அச்சிடத் தாமதிப்போர்க்கு நேர்வது இதுவே.

இரு புள்ளிகள் தெரிந்தால் கோடு தெரிந்துவிடும். இதற்கு ஓர் உதாரணம் காய்ச்சல் பார்க்கும் கருவியிலேயே உள்ளது. சென்டிகிரேட் அளவை ய என்றும், பாரன்ஹீட் அளவை ர என்றும் கொள்வோம். நீர் உறைவது 0-க்கு 32. கொதிப்பது 100-க்கு 212. ஏற்றம் 180, ஓட்டம் 100, சாய்வு 9/5. நிலையச்சை வெட்டுமிடம் 32. எனவே ர = (9/5)ய + 32. உடல் வெப்பம் 37 எனின் மற்றது 98.6 என்பது இதனின்று வரும். இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் உண்டா? உண்டு; ர = ய என்னும் கோடு மேற்கண்ட கோட்டை எங்கே சந்திக்கின்றதோ அங்கே. ய = (9/5)ய + 32 என்று எழுதித் தீர்த்தால், ய = −40. அக்குளிரில் இருப்பவர் எந்த அளவை கூறுகின்றோம் என்று சொல்ல வேண்டுவதே இல்லை.

இதில் மற்றொரு சுவையும் உண்டு. செல்சியஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து வானநூலார் 1742-இல் இவ்வளவையை வகுத்தபோது, கொதிநிலைக்கு 0 என்றும், உறைநிலைக்கு 100 என்றும் வைத்தார். பிறரே அதனைத் தலைகீழாக மாற்றினர். அவர் வைத்தவாறே இருந்திருந்தால் நம் சமன்பாடு ர = 212 − (9/5)ய என்றாகி, கோடு வலப்புறம் செல்லச்செல்ல இறங்கியிருக்கும். செங்குத்து ஒன்றே, திசை மட்டும் வேறு. குறையெண் சாய்வின் பொருள் இதனினும் தெளிவாக விளங்குதல் அரிது.

ஈண்டு ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். சமதளமான தரையைப் பார்த்து ‘இதற்கு வாட்டமே இல்லை’ என்று நாம் பேச்சில் கூறுகின்றோம். கணிதத்தில் அவ்வாறு கூறலாகாது. கிடைக்கோட்டுக்குச் சாய்வு உண்டு. அது சுன்னம் என்னும் எண். அதன் சமன்பாடு ர = வ. செங்குத்துக்கோட்டுக்கோ ஓட்டம் சுன்னமாதலின், சுன்னத்தால் வகுத்தல் இயலாமையால், சாய்வு என்பதே இல்லை; ய = 3 என்பது போன்றே அதனை எழுதலாம். ‘சுன்னம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு. பையிற் காசு இல்லாதவனும் பையே இல்லாதவனும் ஒருவரல்லர்.

இனி இணைகோடுகள். ர = சய + வ, ர = சய + உ என்னும் இரு கோடுகள் ஒரே சாய்வும் வேறு வேறு வெட்டுமிடமும் உடையன. அவை ஒரு புள்ளியிற் சந்திப்பதாகக் கொள்வோம். அங்கே ய-வும் ர-வும் இரண்டுக்கும் ஒன்றே; ஒன்றினின்று மற்றதைக் கழித்தால் வ = உ என்றாகும். அவை வேறென்று முன்னரே கூறினோமாதலின், சந்திப்பு இல்லை. மாறாக, சாய்வுகள் ச என்றும் ட என்றும் வேறுபடின், (ச − ட)ய = உ − வ என்ற சமன்பாட்டுக்கு ஒரே ஒரு விடை கட்டாயம் உண்டு; கோடுகள் எத்துணைத் தூரத்திலாயினும் ஒருமுறை சந்தித்தே தீரும். செங்குத்துக்கோடுகளுக்குச் சாய்வு இல்லையாதலின் இவ்விதி அவற்றைத் தொடாது. அவை தம்முள் இணை என்பதைத் தனியே கூறிக்கொள்ளல் வேண்டும்.

சாய்வு என்பது வேகமாகவும், இணை என்பது உயிர்காப்பாகவும் மாறும் ஓர் இடம் உண்டு. அது ரயில்வே அட்டவணைப் படம். மரே என்னும் பிரெஞ்சு அறிஞர் வரைபடமுறையைப் பற்றி எழுதிய நூலின் 1885-ஆம் ஆண்டுப் பதிப்பில், பாரிஸ் நகருக்கும் லியோன் நகருக்கும் இடையே ஓடிய வண்டிகள் யாவும் ஒரே தாளில் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. கிடையாக நேரம், நிலையாகத் தூரம். விரைந்து செல்லும் வண்டியின் கோடு செங்குத்தாக நிற்கின்றது. மெதுவாகச் செல்வது படுத்துக்கிடக்கின்றது. நிலையத்தில் நிற்குங்கால் கோடு கிடையாகின்றது.

நாமும் ஒரு சிறு படம் வரைவோம். 240 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப்பாதை ஒன்றைக் கற்பனை செய்க. பாசஞ்சர் வண்டி ஒன்று காலை 6 மணிக்கு இம்முனையினின்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் புறப்படுகின்றது. 6 மணியினின்று கழிந்த மணிகளை ய என்றால், அதன் கோடு ர = 40ய. மெயில் வண்டி 7 மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடர்கின்றது: ர = 60(ய − 1). எதிர்முனையினின்று 6 மணிக்கு ஒரு வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றது: ர = 240 − 40ய. இம்மூன்றையும் தீர்த்துப் பார்ப்பின், ய = 3, ர = 120 என்பதே எவ்விரண்டுக்கும் பொதுவாக வருகின்றது. அஃதாவது 9 மணிக்கு, 120-ஆவது கிலோமீட்டரில், மூன்று வண்டிகளும் ஒருங்கே கூடும். அவ்விடத்தில் மூன்று தண்டவாள வழிகள் உள்ள நிலையம் இருத்தல் வேண்டும். இல்லையேல் என்ன ஆகும் என்று கூற வேண்டுவதில்லை.

எதிர்வண்டி அரைமணி தாமதித்துப் புறப்படுகின்றது என்க. வேகம் மாறாமையால் அதன் கோடு முந்தைய கோட்டுக்கு இணையாக வலப்புறம் நகரும்: ர = 260 − 40ய. இப்போது அது மெயிலை 9 மணி 12 நிமிஷத்துக்கு 132-ஆவது கிலோமீட்டரிலும், பாசஞ்சரை 9 மணி 15 நிமிஷத்துக்கு 130-ஆவது கிலோமீட்டரிலும் சந்திக்கும். அவ்விடங்களில் நிலையம் இல்லையெனின் ஏதேனுமொரு வண்டியை முன்னரே நிறுத்திவைத்தல் வேண்டும். வண்டிகளை ஆளும் அதிகாரி, கணக்குப் போடாமலே, ஓர் அளவுகோலைத் தாளின்மேல் இணையாக நகர்த்தி இதனைக் கண்டுகொள்ளலாம்.

மெயிலும் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றிருந்தால் ர = 40ய − 40 என்றாகி, பாசஞ்சரின் கோட்டுக்கு இணையாகும்; அது ஒருபோதும் முன்வண்டியை எட்டாது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? நிலையாக அளந்தால் 40 கிலோமீட்டர். கிடையாக அளந்தால் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் பொருள் உண்டு. ஆனால் நம் மாணவர் வழக்கப்படி செங்குத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கப் புகுந்தால், வருவது கிலோமீட்டருமன்று, மணியுமன்று. பொருளற்ற ஓர் எண். இதனின்று அறியத்தக்கது மிக முக்கியமானது. நேர அச்சை இழுத்து நீட்டினாலும் சுருக்கினாலும் இணைகோடுகள் இணைகோடுகளாகவே நிற்கும், செங்கோணமோ அழிந்துவிடும். ‘சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருமாயின் கோடுகள் செங்குத்தானவை’ என்னும் விதி, இரண்டு அச்சுக்களிலும் ஒரே அலகும் ஒரே அளவும் உள்ளபோது மட்டுமே செல்லும். இணைமைக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

இரண்டு அச்சுக்களும் ஒரே அளவுடையனவாகக் கொண்டு ஒரு கணக்கைச் செய்வோம். 3ய − 4ர = 12 என்னும் கோட்டுக்கு இணையாக (2, 5) என்னும் புள்ளி வழியே செல்லும் கோடு யாது? சாய்வைத் தேடி அலைய வேண்டுவதில்லை. இடப்பக்கம் மாறாதிருந்தால் சாய்வும் மாறாது. வலப்பக்க எண்ணை மட்டும் புள்ளிக்கேற்ப வைத்தாற் போதும். 3 × 2 − 4 × 5 = −14. ஆகவே 3ய − 4ர = −14. இவ்விரண்டின் சாய்வும் 3/4. நிலையச்சில் அவை வெட்டுமிடங்கள் −3, 3½. நிலையான இடைவெளி 6½. சாய்வு 3/4 ஆன முக்கோணத்தின் கர்ணம் 5 ஆதலின், செங்குத்துத் தூரம் 6½-இல் ஐந்தில் நான்கு பங்கு, அஃதாவது 5.2. ஆனால் 6ய − 8ர = 24 என்று ஒருவர் எழுதிக்காட்டி இணை என்றால் ஏமாறலாகாது; அது முதற்கோடே வேறு வேஷத்தில் வந்தது.

இக்கணக்கில் விடை ஒன்றேயாக வந்ததைக் கவனிக்க. கொடுத்த புள்ளி வழியே கொடுத்த கோட்டுக்கு இணைகோடு ஒன்றுதான் உண்டு என்பதை இரண்டு வரியில் கண்டுவிட்டோம். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் தம் ஐந்தாம் அடிப்படைக் கோட்பாடாக வைத்ததும் இதனோடு ஒத்ததே. 1795-இல் பிளேபேர் என்பவர் அதனை நாம் கூறிய வடிவில் எழுதிப் பரப்பினார். மற்ற கோட்பாடுகளினின்று இதனை நிறுவிவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் பலர் முயன்று தோற்றனர். அவர்கள் தோற்ற இடத்தில் பீஜகணிதம் இரண்டு வரியில் வென்றுவிட்டதா?

இல்லை. சாய்வு எங்கும் ஒன்றே என்று காட்ட வடிவொத்த முக்கோணங்களை நாம் துணைக்கொண்டோம். ஆக்ஸ்போர்டில் 1663-இல் வாலிஸ் என்னும் கணிதப் பேராசிரியர், எந்த முக்கோணத்துக்கும் வேண்டிய பரிமாணத்தில் வடிவொத்த முக்கோணம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், அதனின்றே ஐந்தாம் கோட்பாடு பெறப்படும் என்று காட்டினார். எனவே, முடிவில் பெற்றதாக நாம் மகிழ்ந்த பொருளை முதலிலேயே மடியிற் கட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கின்றோம். அதனை மடியிற் கட்டாமலும் புறப்படலாம் என்பதை ரஷ்ய தேசத்து லொபசேவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரி தேசத்துப் போல்யாய் 1832-இலும் வெளியிட்டனர். அவர்கள் வகுத்த க்ஷேத்திர கணிதத்தில் ஒரு புள்ளி வழியே, கொடுத்த கோட்டைச் சந்திக்காத கோடுகள் எண்ணிறந்தன உண்டு. வடிவு மாறாது பெரிதாக்கப்பட்ட முக்கோணம் அங்கே கிடையாது; ஆதலின் ‘பன்னிரண்டுக்கு ஒன்று’ என்று ஓரிடத்தில் அளந்த வாட்டம் அடுத்த பன்னிரண்டு அடியிலும் அவ்வாறே இருக்கும் என்று அங்குள்ள கொத்தன் கூற இயலாது.